ராத்திரி குடித்தவர் காலையில் வலி மாத்திரை போடலாமா? ஒரு மருந்துக்கடைக் கணக்கு

முகூர்த்த மாதங்களில் காரைக்குடியில் எங்கள் மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். "அக்கா, தலை வெடிக்குது, ஸ்ட்ராங்கா ஏதாச்சும் ஒரு மாத்திரை குடுங்க" என்பதுதான் அன்றைய முதல் வியாபாரம். பந்தல் போட்டவர், மேளக்காரர், சென்னையிலிருந்து கார் ஓட்டி வந்த தம்பி என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. "ராத்திரி குடிச்சேன்" என்று தானாக வாய் திறந்து சொல்பவர் அபூர்வம். நான் கேட்டாலும், பக்கத்தில் ஆச்சி யாராவது நின்றால் குரல் உள்ளே போய்விடும்.

குடிப்பது சரியா தவறா என்று நான் இங்கே பேசப்போவதில்லை. குடித்த உடம்புக்குள் வலி மாத்திரை போனால் என்ன ஆகும், எதைப் போடலாம், எதைத் தொடக்கூடாது, எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். குடிக்காத வீட்டம்மாக்களும் இதைப் படிக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த மாத்திரையை வாங்கிப் போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் நாலு விஷயத்தைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். எப்போது குடித்தது, எவ்வளவு குடித்தது, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா, தினமும் வேறு என்ன மாத்திரை ஓடுகிறது. பிரஷர், சர்க்கரை, இருதய மாத்திரைகளை மறைக்கக் கூடாது. இந்த நாலும் தெரியாமல் யார் மாத்திரை எடுத்துக் கொடுத்தாலும் அது குத்துமதிப்புதான்.

மணிக்கணக்கு

பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் டாஸ்மாக் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். குவார்ட்டர் 180 மில்லி. அதில் இருக்கும் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். கட்டிங் என்கிற 90 மில்லியில் 30 கிராம். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 40 கிராம் இருக்கிறது. ஆக, "பீர்தான்க்கா குடிச்சேன்" என்பவர் ஒரு கட்டிங்குக்கு மேலேயே உள்ளே தள்ளியிருக்கிறார்.

நல்ல கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் எரிக்கும். அப்படிப் பார்த்தால் ஒரு குவார்ட்டர் இறங்க 6 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆஃப் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஃப் முடித்தவர் காலை ஏழு மணிக்குக் கடை வாசலில் நிற்கும்போது அவர் ரத்தத்தில் சரக்கு இன்னும் இருக்கிறது. எலுமிச்சை ஜூஸ், கடுங்காப்பி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. ஆளைக் கொஞ்சம் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மாத்திரை அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். டோலோ, குரோசின், கால்பால் மூன்றும் பாராசிட்டமால். காம்பிஃபிளாமில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325. ஜீரோடால் பி என்பது அசிக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325. சாரிடானிலும் பாராசிட்டமால் இருக்கிறது. சளிக்குப் போடும் சைனரெஸ்டில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் நம்புவதில்லை. அட்டையைத் திருப்பிக் காட்டித்தான் நம்பவைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பாதி வீடுகளில் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று சொந்தம் இருக்கிறது. கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ வந்து போகிறவர்கள் மிச்ச மருந்தை விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாங்கட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அது வருஷக்கணக்காகச் சேரும். பனடால் என்பது பாராசிட்டமாலேதான். டைலனால் அட்டையில் அசிட்டமினோஃபென் என்று இருக்கும், அதுவும் பாராசிட்டமால்தான். அட்வில் என்றால் ஐபுப்ரோஃபென். அலீவ் என்றால் நாப்ராக்சன். பொன்ஸ்டான் என்றால் நம் மெஃப்டாலில் இருக்கும் மெஃபனாமிக் ஆசிட்.

இப்போது ஒரு காலைப்பொழுதைக் கணக்குப் போடுங்கள். ஆறு மணிக்கு ஒரு டோலோ 650. தலைவலி விடவில்லை என்று எட்டு மணிக்குச் சிங்கப்பூர் மாமா கொடுத்த பனடால் இரண்டு, ஒன்று 500 வீதம் 1000. மூக்கும் ஒழுகுகிறதே என்று ஒன்பது மணிக்கு ஒரு சைனரெஸ்ட், அதில் 500. மூன்று மணி நேரத்துக்குள் 2150 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ளே போய்விட்டது. மூன்று வெவ்வேறு மருந்து சாப்பிட்டதாகத்தான் அந்த ஆள் நினைத்துக்கொண்டிருப்பார்.

இரண்டு மாத்திரை மட்டும் வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். பெயரில்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் "செட்டு மாத்திரை"யை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே டைக்ளோஃபினாக் இருக்கலாம், ஸ்டீராய்டு இருக்கலாம், தூக்கம் வரவைக்கும் மாத்திரை இருக்கலாம். நாளைக்கு ஆஸ்பத்திரியில் "என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு பெயர்கூட இருக்காது.

பாராசிட்டமால்: ஒன்று போடலாம், அளவு தாண்டக்கூடாது

எப்போதாவது குடிப்பவர், கல்லீரல் நன்றாக இருப்பவர், மறுநாள் சாப்பிட்டுவிட்டு 500 அல்லது 650 ஒன்று போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்ததற்கு ஆறு மணி நேரம் விடுங்கள். சாதாரண நாளில் ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்துக்கு உச்சவரம்பு 4000 மில்லிகிராம். குடித்த மறுநாளுக்கு நான் சொல்லும் வரம்பு 2000. டோலோ 650 என்றால் மூன்று, அதோடு நிறுத்த வேண்டும். மற்ற மாத்திரைகளுக்குள் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலும் இந்தக் கணக்கில் சேரும்.

தினமும் குடிப்பவர் விஷயம் வேறு. பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் பத்திரமாகப் பிரித்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சின்னப் பங்கு மட்டும் இன்னொரு வழியில் போய் நச்சுப்பொருளாக மாறும். அந்த நச்சை முறிக்கக் கல்லீரலில் குளுட்டாதயோன் என்றொரு பொருள் இருப்பில் இருக்கிறது. தினமும் குடிப்பவருக்கு நச்சை உண்டாக்கும் நொதி கூடிப்போகிறது, முறிக்கும் இருப்பு குறைந்துபோகிறது. இரண்டு பக்கமும் அடி. சரியாகச் சாப்பிடாதவருக்கு அந்த இருப்பு இன்னும் வேகமாகக் கரையும்.

ரத்தத்தில் சரக்கு இருக்கும்வரை அந்த நொதிக்குச் சரக்கை எரிக்கும் வேலையும் இருக்கிறது. போதை இறங்கியதும் அது முழுசாகப் பாராசிட்டமால் பக்கம் திரும்புகிறது. ஆகையால் தினக்குடிகாரருக்கு ஆபத்து கூடுதலான வேளை போதையில் கிடக்கும் ராத்திரி அல்ல. தெளிந்து, வெறும் வயிற்றோடு, மண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் அந்தக் காலைதான். "போதை இறங்கிடுச்சு, இனி நாலு மாத்திரை போட்டாலும் ஒன்னும் செய்யாது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். தினமும் குடிப்பவரானால் 2000ஐத் தாண்டவே கூடாது, அதுவும் ஓரிரு நாளைக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மஞ்சள் காமாலை வந்தவர், வயிறு வீங்கியவர், கல்லீரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னவர் ஒரு மாத்திரைகூடத் தானாகப் போடக்கூடாது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் கூட்டம்

எனக்கு உள்ளபடியே கவலை தருவது இந்தக் கூட்டம்தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் ஆசிட், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். டிஸ்பிரின் என்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறோமே, அது ஆஸ்பிரின். வலியைக் குறைக்க இவை தடுக்கும் பொருள்தான் வயிற்றின் உட்சுவருக்குக் காப்பாகவும் இருக்கிறது. ஏற்கெனவே சரக்கு பட்டு எரிந்துபோன வயிற்றில் அந்தக் காப்பும் போனால் புண் வரும், புண்ணிலிருந்து ரத்தம் கசியும்.

கல்யாண வீடுகளில் தவசிப்பிள்ளைகள் என்கிற சமையல்காரர்களோடு அடுப்பில் நிற்கும் ஒரு அண்ணன் எங்கள் கடைக்கு வருவார். ராத்திரி இரண்டு மணிக்கே அடுப்பு மூட்டி, பந்தி முடியும்வரை நின்ற கால் நிற்கும் தொழில். வேலை முடிந்தால் இடுப்பு வலிக்கு ஒரு குவார்ட்டர், விடிந்ததும் அதே வலிக்கு ஒரு மாத்திரை. ஒரு நாள் சட்டைப்பையிலிருந்து வியர்வையில் நனைந்த காகித மடிப்பை எடுத்து, "இதே மாதிரி பத்து குடுத்தா" என்று கண்ணாடி மேல் வைத்தார். மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, ரோஸ் கலரில் அரை மாத்திரை.

"என்ன மாத்திரைண்ணே இது?"

"தெரியாதுத்தா. இடுப்பு வலிக்குன்னு குடுத்தாக."

அவர் உதடும் நகக்கண்ணும் வெளுத்துப்போயிருந்தன. வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டு, "நாலு நாளா தாரு கணக்கா கருப்பாப் போகுது. கறி தின்ன சூடுன்னு நெனச்சேன்" என்றார். மாத்திரை கொடுக்காமல் அவர் தம்பியைக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக்கசிவு. ரத்தம் ஏற்றித்தான் அனுப்பினார்கள். இப்போதும் அடுப்படியில்தான் இருக்கிறார். வலிக்கு மாத்திரை கேட்பதில்லை, தைலம் வாங்கிப் போகிறார்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும். அது இல்லாமல், பிசுபிசுவென்று தார் போல, நாற்றத்தோடு போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் இரண்டு தப்பான நம்பிக்கையை அடிக்கடி கேட்கிறேன். "கேஸ் மாத்திரை ஒன்னு சேர்த்துப் போட்டுக்கிறேன்" என்பது முதலாவது. பான்டோபிரசோல் போட்டால் வயிற்றுப்புண் வாய்ப்பு குறையும், உண்மை. ஆனால் இந்த வலி மாத்திரைகள் கிட்னிக்குச் செய்யும் கெடுதலை அது தடுக்காது. "மாத்திரைதானே வயித்தைக் கெடுக்கும், ஊசி போட்டுக்கிறேன்" என்பது இரண்டாவது. ஊசியில் போனாலும் மருந்து ரத்தம் வழியாக அதே வேலையைத்தான் செய்யும். வயிற்றின் காப்பு அப்போதும் குறையும்.

கிட்னி விஷயம் வயசானவர்களுக்கு முக்கியம். சரக்கு உடம்பிலிருந்து தண்ணீரை இறக்கிவிடும். சித்திரை வைகாசி வெயிலில் ஏற்கெனவே வற்றிய உடம்பு. அதோடு பிரஷருக்கு டெல்மிசார்டன், நீர் பிரிய ஒரு மாத்திரை என்று ஓடிக்கொண்டிருக்கும். இதன் மேல் டைக்ளோஃபினாக் விழுந்தால் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டம் சட்டென்று குறையும். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த அண்ணன் தம்பிகள் நாலு பேர் பட்டாலையில் உட்கார்ந்து ஒரு பாட்டிலைத் திறந்தால், அநேகமாக நாலு பேருமே பிரஷர் மாத்திரைக்காரர்கள். மறுநாள் முட்டி வலிக்கு ஒரே அட்டையைப் பங்குபோட்டுக்கொள்வது நல்லதல்ல.

இந்தக் குடும்பத்து மாத்திரைக்கு என் கடையில் நான் சொல்லும் இடைவெளி, கடைசி கிளாஸிலிருந்து முழுசாக ஒரு நாள். அதற்கப்புறமும் சாப்பிட்ட பிறகுதான். தினமும் குடிப்பவர், முன்பு அல்சர் இருந்தவர், அறுபதைத் தாண்டியவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் தானாக எடுக்கவே வேண்டாம். இருதயத்துக்கு டாக்டர் எழுதிய ஆஸ்பிரின் 75ஐ இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். குடியைப் பற்றி அந்த டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்குத்தான் தர வேண்டிய மருந்து. டைக்ளோஃபினாக்கும் அசிக்ளோஃபினாக்கும் அப்படிப்பட்டவைதான். நிமெசுலைட் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது, 12 வயசுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2011இலேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. குடிப்பவர் என்று தெரிந்தால் நான் அந்த அட்டையை எடுப்பதே இல்லை.

காய்ச்சலோடு வரும் உடம்பு வலிக்கும் இந்தக் கூட்டம் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

தூக்கம் வரவைப்பவை

சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், செட்டிரிசின், தசைப்பிடிப்பு மாத்திரைகள், சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எரிச்சலுக்கு எழுதும் பிரிகாபலின், தூக்க மாத்திரை, டிரமடால் கலந்த வலி மாத்திரை. இவற்றுக்கு இடைவெளி எல்லாம் பார்க்க வேண்டாம், குடிக்கிற அன்றைக்கு அண்டவே கூடாது. சரக்கும் மூளையை மந்தப்படுத்தும், இவையும் மந்தப்படுத்தும். டிரமடாலும் தூக்க மாத்திரையும் சரக்கோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். டாக்டர் எழுதி தினமும் ஓடுகிற மாத்திரையாக இருந்தால் மாத்திரையை விடாதீர்கள், பாட்டிலை விடுங்கள்.

அப்படியானால் அந்தத் தலைவலிக்கு என்னதான் செய்வது?

முதலில் தண்ணீர். ஓஆர்எஸ் பொடி 21 கிராம் பாக்கெட் ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் முழு பாக்கெட்டைக் கொட்டக் கூடாது. பழைய சோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக் குடித்தாலும் வேலை நடக்கும். பிறகு இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ. அதற்கப்புறமும் வலி விடவில்லை என்றால் பாராசிட்டமால் ஒன்று. நான் பார்த்தவரை தண்ணீரும் சாப்பாடும் உள்ளே போன பிறகு மாத்திரை கேட்டுத் திரும்பி வருபவர்கள் குறைவு. இடுப்பு, முட்டி, தோள் வலிக்கு மேலே பூசும் ஜெல்லும் வெந்நீர் ஒத்தடமும் போதும். ஜெல்லிலும் டைக்ளோஃபினாக் இருக்கும், ஆனாலும் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம்.

சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்துவிட்டு வரும் பையன்களுக்கு இதைத் தனியாகச் சொல்வேன். மாடு தள்ளியோ பைக்கில் விழுந்தோ தலையில் அடிபட்டு, வாயில் சரக்கு வாடையும் இருந்தால், அந்தத் தலைவலிக்கு எந்த மாத்திரையும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி. உள்ளே ரத்தம் கசிந்தாலும் வெளியே போதை மாதிரிதான் தெரியும். ஆஸ்பிரின் போட்டால் அந்தக் கசிவு கூடும்.

சர்க்கரைக்குக் கிளிமெபிரைட் சாப்பிடுபவர் சாப்பிடாமல் குடித்துவிட்டு வியர்த்து, உளறி, தள்ளாடினால் அதையும் போதை என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம். குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். நினைவோடு விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

பல வருஷமாகத் தினமும் குடிக்கிறவர் இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது. கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு எல்லாம் இரண்டு மூன்று நாளைக்குள் வரலாம். டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும்.

எப்போது 108

தார் போன்ற மலம், காப்பித்தூள் நிறத்தில் அல்லது ரத்தமாக வாந்தி, எழுப்பினால் கண் திறக்காத தூக்கம், விட்டு விட்டு இழுக்கும் மூச்சு, வலது விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவரை மல்லாக்கப் படுக்கவைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போகாது. வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றாதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

பாராசிட்டமால் அளவுக்கு மேல் போய்விட்டது என்று தெரிந்தால், ஆள் நன்றாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள். முதல் நாள் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாது. கல்லீரல் கெட்ட அறிகுறி வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து, விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். வீட்டில் கிடக்கும் காலி அட்டைகள், காகித மடிப்பு, பிஸ்கட் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு, எவ்வளவு சரக்கு, தினமும் குடிப்பவரா என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 104 எண்ணில் கேட்கலாம்.